இசிஎம்மை ரீமேப் செய்வதா, வேறு பெட்டி மாட்டுவதா? தக்கலை ஷெட்டில் இருந்து சில யோசனைகள்

ரீமேப் வேண்டும், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசிஎம்மில் இருக்கும் கணக்குகளை மாற்றி எழுத வேண்டும் என்று வண்டியோடு வருபவர்களிடம் நான் முதலில் எஞ்சினைப் பற்றிக் கேட்பதில்லை. எந்த ரோட்டில் அதிகம் ஓட்டுகிறீர்கள் என்றுதான் கேட்பேன். நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம் என்று ஒரு ஊர் முடியும் முன்பே அடுத்த ஊர் வந்துவிடும். பகல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு ஏதோ பந்த் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த ரோட்டில் 4000 ஆர்பிஎம்முக்கு மேல் கிடைக்கும் பவரை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது? நமக்கு வேண்டியது 1500-க்கும் 2500-க்கும் நடுவில் நல்ல இழுவை. பஸ்ஸை முந்த ஒரு இடம் கிடைத்தால் சட்டென்று முந்த வேண்டும், குலசேகரத்துக்கு மேலே ஏற்றத்தில் லோடோடு திணறக் கூடாது, அவ்வளவுதான். ஆரல்வாய்மொழி தாண்டி நான்கு வழிச்சாலை பிடித்து மதுரைக்கு அடிக்கடி போகிறவருக்குக் கணக்கு வேறு.

அப்பாவுக்குத் தக்கலையில் டீசல் பம்ப் கடை. பழைய லாரி, டெம்போ பம்புகளைக் கேலிபரேஷன் பெஞ்சில் ஏற்றி டீசல் அளவு பார்த்துக் கொடுப்பார். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அதே ஷெட்டின் மூலையில் ஒரு மேசை போட்டு இசிஎம் வேலை தொடங்கினேன். பெரியவர்கள் வந்தால் "மக்களே, இதுல ஏதாவது செய்ய முடியுமா" என்பார்கள். பையன்கள் வந்தால் "அக்கா, ஸ்டேஜ் டூ போடலாமா" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் நான் பார்ப்பது ஒரே விஷயம்தான்: இப்போது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்த எஞ்சின் இன்னும் தெரிந்த எஞ்சினா? தெரிந்த எஞ்சின் என்றால், அதிகபட்சம் ரீமேப். எஞ்சினே வேறாகி, கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொள்ள வழியில்லாமல் போனால்தான் வேறு பெட்டி, அதாவது அதற்குப் பதில் வேறொரு கம்ப்யூட்டர். பல வண்டிகளுக்கு இரண்டுமே வேண்டாம்.

முதலில் வண்டி சரியாக இருக்கிறதா

"பிக்கப் இல்லை, ரீமேப் செய்தால் சரியாகுமா?" இந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும், முதலில் ஸ்கேனர் போடுவோம் என்பதுதான். பழுதுக் குறியீடு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கழற்றிவிடக் கூடாது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து லைவ் டேட்டாவைப் பதிவு செய்ய வேண்டும். டீசலில் முக்கியமானவை மூன்று ஜோடி: இசிஎம் கேட்ட ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் பொதுக் குழாயின் அழுத்தம்), கிடைத்த ரெயில் பிரஷர், கேட்ட பூஸ்ட் (டர்போ தள்ளித் தரும் காற்றின் அழுத்தம்), கிடைத்த பூஸ்ட், வர வேண்டிய காற்று, வந்த காற்று. மூன்றாவது கியரில் கீழே இருந்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஏறும்போது இந்த ஜோடிகள் ஒன்றை ஒன்று ஒட்டியே வர வேண்டும். எங்கே பிரிகிறதோ அங்கேதான் கோளாறு.

கடையாலுமூட்டில் இருந்து ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர் டீசல் ஸ்விஃப்ட்டைக் கொண்டுவந்தார். ஏற்றத்தில் இழுக்கவில்லை, கரும்புகை, ரீமேப் செய்யச் சொல்லி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பூஸ்ட் ஜோடியைப் பார்த்தால் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நல்ல இடைவெளி. இன்டர்கூலரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் கிளிப்புக்கு அடியில் ஒரு கீறல். நிறுத்தி வைத்துப் பார்த்தால் மூடியிருக்கும், பிரஷர் ஏறினால் வாய் திறக்கும். ஹோஸும் கிளிப்பும் மாற்றியதோடு சரி, அப்புறம் அவர் ரீமேப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தக் கீறலோடு ரீமேப் செய்திருந்தால் வராத காற்றைத் துரத்தி டர்போ சுற்றிச் சுற்றியே தேய்ந்திருக்கும்.

பெட்ரோல் வண்டியில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (இசிஎம் பெட்ரோல் அளவில் தொடர்ந்து செய்துவரும் திருத்தம்) பாருங்கள். கூட்டலோ கழித்தலோ 10 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது, இல்லையென்றால் இன்ஜெக்டரோ பம்போ சோர்ந்திருக்கிறது. கிளட்ச்சையும் விடாதீர்கள். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழுசாக மிதித்தால், வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறக் கூடாது. ஏறினால் இருக்கும் டார்க்கையே, அதாவது இழுவிசையையே, கிளட்ச் தாங்கவில்லை என்று பொருள். கூடுதல் டார்க் கொடுப்பது வீண்.

ரீமேப்பில் என்ன மாறுகிறது

இப்போதைய டீசல் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது டீசலைத் திறந்துவிடுவது இல்லை. இவ்வளவு டார்க் வேண்டும் என்று இசிஎம்மிடம் கேட்பது. இசிஎம் அதை உடனே கொடுத்துவிடாது. இந்தக் கியரில் இவ்வளவு கொடுக்கலாமா, எஞ்சின் சூடு எப்படி, வந்திருக்கும் காற்றுக்கு இவ்வளவு டீசல் எரியுமா, புகை வருமா என்று வரிசையாகச் சரிபார்க்கும். எல்லாம் தேறிய பிறகுதான் டீசல் அளவு முடிவாகி, அது ரெயில் பிரஷராகவும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமாகவும் மாறும். பக்கத்திலேயே டர்போவுக்குப் பூஸ்ட் இலக்கு ஒன்று போகும்.

நல்ல ரீமேப் இந்தச் சங்கிலி முழுவதையும் ஒன்றுக்கொன்று பொருந்த மாற்றும். முதலில் காற்று, அதற்கேற்ற டீசல், அதற்கேற்ற வரம்புகள். மோசமான ரீமேப் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து இழுக்கும். இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை நீட்டிவிட்டால் சீட்டில் முதுகு ஒட்டுகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் டீசல் தாமதமாக எரிந்து, சூடு எக்ஸாஸ்டுக்குப் போய், டர்போவும் பிஸ்டனும் அதைச் சுமக்கும். ரீமேப் செய்த வண்டி ஒன்று ஷெட்டை விட்டுப் புகை கக்கிக்கொண்டு போனபோது அப்பா சொன்னது: "அது பவர் இல்ல மக்கா, டீசலாக்கும் வெளிய போவுது."

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? டர்போ டீசலில் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடும் என்பார்கள். நான் அதில் கீழ்ப்பக்கத்தில் நிற்கச் சொல்வேன். ஸ்விஃப்ட் டீசலின் 1.3 லிட்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட்டில் அது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். அதே எஞ்சின் எர்டிகாவிலும் எஸ்எக்ஸ்4-இலும் 90, 200. அப்படியானால் எர்டிகா ஃபைலை ஸ்விஃப்ட்டில் ஏற்றிவிடலாமே என்று கேட்காத பையன் இல்லை. ஏற்ற முடியாது. எர்டிகாவில் இருப்பது எக்ஸாஸ்ட் வழியைத் தேவைக்கேற்பக் குறுக்கி விரிக்கும் வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ, ஸ்விஃப்ட்டில் இருப்பது சாதாரண டர்போ. பிளாக் ஒன்றாக இருக்கலாம், காற்று வரும் வழி வேறு.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு ரீமேப் செய்வதை நான் பொதுவாகத் தடுத்துவிடுவேன். 5 விழுக்காடு, மிஞ்சிப்போனால் கொஞ்சம் அதிகம். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தொட்டதும் நிறையத் திறக்கும்படி வைத்துவிட்டு, பவர் கூடியதாக நினைக்க வைக்கும் வித்தையும் இதில்தான் அதிகம் நடக்கிறது. அந்தக் காசுக்கு நல்ல டயர் போடலாம். டர்போ பெட்ரோலில் பலன் உண்டு. ஆனால் ஐரோப்பாவின் 98 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதிய ஃபைலை இங்கே ஏற்றினால், சித்திரை வெயிலில் எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது கலவை நேரம் தப்பித் தானாக வெடித்துத் தட்டும். நாக் சென்சார் அதைக் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும். கொடுத்த பவரை அதுவே திரும்ப வாங்கிக்கொள்ளும். அதனால் பெட்ரோல் டர்போவில் ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு டிகிரி பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

ஆன்லைனில் விற்கும் டியூனிங் பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மலிவான டீசல் பாக்ஸ்களில் பெரும்பாலானவை ரெயில் பிரஷர் சென்சாரின் வயரில் நடுவே உட்கார்ந்து, பிரஷர் குறைவாக இருப்பதாக இசிஎம்மிடம் பொய் சொல்லும். இசிஎம் நம்பிப் பிரஷரைக் கூட்டும். தன் வரம்புக்குள் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும். காவலுக்கு இருப்பவனின் கண்ணைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்து போடும் வேலை இது. பைக்குகளுக்கு வரும், கம்பெனி இசிஎம்மோடு சேர்ந்து வேலை செய்யும் பிக்கிபேக் பெட்டிகளை இதோடு சேர்க்காதீர்கள். பெங்களூரில் தயாராகும் பவர்ட்ரானிக் போன்றவை ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு என்றே மேப் எழுதி வருபவை, கழற்றினால் பழைய வண்டி.

யாரிடம் கொடுப்பது

நம் பக்கத்தில் ரீமேப் செய்பவர்களில் பலர் தாங்களே ஃபைல் எழுதுவதில்லை. உங்கள் இசிஎம்மில் இருப்பதைப் படித்து, இணையத்தில் யாருக்கோ அனுப்பி, மாற்றிய ஃபைல் வந்ததும் ஏற்றுவார்கள். அதில் தப்பில்லை, எழுதியவர் திறமைசாலி என்றால். ஆனால் யார் எழுதியது என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். ஏற்றிய பிறகு ஓட்டிப் பதிவு எடுத்து, அதை எழுதியவருக்கு அனுப்பித் திருத்துவார்களா என்றும் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம் அண்ணே, நம்ம ஃபைல் பெர்ஃபெக்ட்" என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

ஒரிஜினல் ஃபைலின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு பென் டிரைவில், இசிஎம்மின் ஹார்ட்வேர் நம்பரும் சாஃப்ட்வேர் நம்பரும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில இசிஎம்கள் முழுசாகப் படிக்க விடாது. அப்போது அந்தச் சாஃப்ட்வேர் நம்பருக்கு உரிய ஒரிஜினலை வேறு வழியில் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இது இல்லாமல் எழுதத் தொடங்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எந்தக் கருவி வைத்திருக்கிறார் என்பதும் முக்கியம். இத்தாலியின் ஏலியன்டெக் கம்பெனியின் கெஸ், கே-டேக் கருவிகளுக்குச் சீன நகல்கள் சில ஆயிரத்துக்குக் கிடைக்கின்றன. நகல் கருவி பாதியில் நின்றாலோ செக்சம்மை (ஃபைல் சரியா என்று பார்க்க வைத்திருக்கும் எண்ணை) தப்பாகக் கணக்கிட்டாலோ வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதைவிட, சில இசிஎம்களை ஸ்கேனர் போர்ட் வழியாக எழுத முடியாது. கழற்றி, பெட்டியைத் திறந்து, போர்டில் பின் வைத்துத்தான் எழுத முடியும். பாஷ் கம்பெனியின் இடிசி17 வகையில் இப்படிப் பூட்டு போட்டவை உண்டு. திறந்த பெட்டியைத் திரும்ப எதை வைத்து ஒட்டுகிறார் என்று கட்டாயம் பாருங்கள். குளச்சலிலும் முட்டத்திலும் வீட்டு முன்னால் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று ராத்திரி பகல் பார்க்காது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பசையை இழுத்துவிட்டால், அடுத்த மழைக்காலத்துக்குள் போர்டில் பச்சை பூத்துவிடும். எலெக்ட்ரானிக்ஸுக்கு உரிய நியூட்ரல் க்யூர் சிலிகான்தான் வேண்டும். புளித்த காடி வாசம் வரும் சாதாரண சிலிகான் செம்பை அரிக்கும்.

எழுதும் நாளில் பேட்டரியோடு ஒரு நல்ல பவர் சப்ளை இணைந்திருக்க வேண்டும். இக்னிஷன் ஆனில் விசிறி ஓடி வோல்டேஜ் இறங்கினால் எழுதுவது பாதியில் அறுந்துபோகும். சாதாரண பேட்டரி சார்ஜர் இதற்கு ஆகாது. நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இடி இருட்டிக்கொண்டு வரும் மதியத்தில் நான் எந்த இசிஎம்மையும் எழுத மாட்டேன், யுபிஎஸ் இருந்தாலும். அடுத்த நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

இஜிஆரை (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் வால்வை) அடைத்துவிடுங்கள், டிபிஎஃப்பை (டீசல் கரியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் ஃபில்டரை) குடைந்து எடுத்துவிடுங்கள், செக் எஞ்சின் லைட் வராமல் செய்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. சட்டம் ஒரு காரணம். இன்னொன்று, லைட்டை அணைக்க அந்தப் பழுதுக் குறியீட்டையே ஃபைலில் இருந்து நீக்குவார்கள். நாளைக்கு உண்மையாகவே கோளாறு வந்தாலும் எந்த ஸ்கேனரும் சொல்லாது. டிபிஎஃப் அடிக்கடி அடைக்கிறது என்றால் வண்டி தக்கலைக்குள்ளேயே ரெண்டு ரெண்டு கிலோமீட்டராக ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு தடவை காவல்கிணறு வரை போய் வரச் சொல்வேன். அந்த நேரான ரோட்டில் ஒரே வேகத்தில் ஓடினால் அது தானாக எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

வாரண்டி இருக்கும் வண்டியைத் தொடாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கை இசிஎம்கள் பலவும் வைத்திருக்கும். ஒரிஜினலைத் திரும்ப ஏற்றினாலும் அந்த எண் குறையாது. வாரண்டி முடிந்த வண்டியிலும், சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துவிடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வேறு பெட்டி

முதலில் ஒரு பெரிய கூட்டத்தைக் கழித்துவிடலாம். காமன் ரெயில் டீசலுக்கு ஸ்டாண்ட்அலோன் பெட்டி, அதாவது கம்பெனி இசிஎம்மை எடுத்துவிட்டுத் தனியாகவே எஞ்சினை ஓட்டும் கம்ப்யூட்டர், மாட்டுவது நம் நிலைமைக்கு நடக்காத காரியம். ரெயில் பிரஷர் 1000 பாரைத் தாண்டும். இன்ஜெக்டரைத் திறக்க பேட்டரியின் 12 வோல்ட் போதாது, இசிஎம் உள்ளேயே அதைப் பல மடங்கு உயர்த்தி அடிக்கிறது. ஒரே சுழற்சியில் கொஞ்சம், நிறைய, திரும்பக் கொஞ்சம் என்று பிரித்துப் பிரித்து அடிக்கிறது. இதையெல்லாம் செய்யும் வெளிப்பெட்டிகள் உலகத்தில் இருந்தாலும், அவற்றை வாங்கும் காசுக்கு இன்னொரு வண்டி வாங்கலாம். ஆகவே டீசல்காரர்களுக்கு ரீமேப், இல்லையென்றால் சும்மா இருப்பது.

புதிய பெட்ரோல் வண்டிகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மீட்டர் போர்டு, ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், ஏசி, இம்மொபிலைசர் எல்லாம் கேன் லைனில் இசிஎம்மோடு பேசிக்கொண்டே இருக்கும். இசிஎம்மை எடுத்துவிட்டால் மற்றவை அனைத்தும் லைட் போட்டுக் கத்தும். ஏசி ஓடாது. சில வண்டிகளில் ஸ்டியரிங்கே இறுகிவிடும்.

மிச்சம் இருப்பது பழைய போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் பெட்ரோல் தெளிக்கும்) பெட்ரோல் வண்டிகள், கார்புரேட்டர் வண்டிகள், எஞ்சின் மாற்றிய வண்டிகள், ரேலி, ட்ராக் வண்டிகள். ஸ்டாண்ட்அலோன் இங்கேதான் அர்த்தமுள்ளது. அதிலும் அவசரப்படாதீர்கள். பேச்சிப்பாறைப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, கார்புரேட்டர் ஜிப்ஸிக்கு எஸ்டீம் காரின் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் உள்ள) எஞ்சின் வைக்க நினைத்தார். இரண்டும் சுசூகியின் ஜி13 குடும்பம். ஸ்டாண்ட்அலோன் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், அந்த எஸ்டீமின் இசிஎம்மையும் வயரிங்கையும் வெட்டாமல் முழுசாக எடுத்து வாருங்கள் என்றேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு அந்த எஞ்சின் பிறந்ததில் இருந்து தெரியும். அதைவிட நன்றாக நான் உட்கார்ந்து டியூன் செய்யப் போவதில்லை. எஞ்சின் மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இதுவே என் முதல் சிபாரிசு: எஞ்சினோடு அதன் சொந்தக் கம்ப்யூட்டரையும் வாங்குங்கள்.

அவருடைய மருமகன் அதே வண்டியில் ஒரு சின்ன டர்போ வைக்க ஆசைப்பட்டபோதுதான் என் பதில் மாறியது. டர்போ இல்லாத எஞ்சினின் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாயில்) இருக்கும் பிரஷர் சென்சார், வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் சரியாகப் படிக்கும். அதற்கு மேல் பூஸ்ட் ஏறினால் அந்த இசிஎம்முக்கு எதுவும் தெரியாது. தெரியாத காற்றுக்குப் பெட்ரோல் கொடுக்காது. கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். அந்தக் காலத்து இசிஎம்கள் பலவற்றில் டேட்டாவை மாற்றி எழுதவும் வழியில்லை, சிப்பிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அந்நியமாகிவிட்டது. இப்போது வேறு பெட்டி வேண்டும்.

எந்தப் பெட்டி? ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் ஈசியூமாஸ்டர் எல்லாம் நல்ல சரக்கு. மலிவாக வேண்டும் என்றால் மெகாஸ்குவர்ட், அர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ, ரஸ்-இஎஃப்ஐ இருக்கின்றன. நான் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. ராத்திரி எட்டு மணிக்குத் திங்கள்நகர் ஜங்ஷனில் வண்டி நின்றுபோனால் யாருக்குப் போன் அடிப்பீர்கள்? அவருக்கு எந்தப் பெட்டி தெரியுமோ அதை வாங்குங்கள். டைனோவில் (வண்டியை நின்ற இடத்தில் ஓட்டிப் பவர் அளக்கும் இயந்திரத்தில்) வைத்து டியூன் செய்ய வேண்டுமானால் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வண்டியை ஏற்றி அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி வாங்கிய பிறகுதான் வேலை

பெட்டி வந்ததும் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். ஸ்டாண்ட்அலோன் பெட்டிக்கு உங்கள் எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று சென்சாருக்குக் காட்டும் கிராங்க் சக்கரத்தில் எத்தனை பல், எங்கே பல் இல்லை, 60-இல் 2 குறைவா, 36-இல் 1 குறைவா என்பதில் தொடங்குங்கள். அப்புறம் இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி வைத்துவிட்டு டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். திரையில் 10 என்றால் புல்லியிலும் 10 இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மேப் எழுத உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடித்தளமே 8 டிகிரி தள்ளி இருக்கும்போது மேலே எவ்வளவு அழகாக எழுதினாலும் என்ன பயன்.

இன்ஜெக்டர் திறக்கத் தாமதிக்கும் நேரம் வோல்டேஜுக்கு ஏற்ப மாறும். அந்த அட்டவணை தப்பாக இருந்தால் ராத்திரி ஹெட்லைட்டும் ஏசியும் போட்டதும் ஐடிலிங் ஆடும். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். இலக்கை காற்று-பெட்ரோல் விகிதமாக வைக்காமல் லாம்டாவாக (எந்தப் பெட்ரோலானாலும் சரியாக எரியும் கலவையை 1 என்று வைக்கும் அளவாக) வையுங்கள். சுத்தமான பெட்ரோலுக்கு விகிதம் 14.7. இப்போது பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5 பக்கம் இறங்கிவிடும். பழைய மேப்பை 14.7-க்கு எழுதி வைத்திருப்பவர்கள், இன்றைய பெட்ரோலில் மெலிந்த கலவையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி இசிஎம் தானாகவே டிரிம்மில் ஓரளவு சரிசெய்துகொள்ளும். உங்கள் பெட்டியில் அந்தத் திருத்தத்தை நீங்கள்தான் இயக்கி வைக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் குளிரில் ஸ்டார்ட் செய்வது பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். நமக்கு அது பெரிய தொல்லை இல்லை. நமக்குத் தொல்லை சூட்டில் ஸ்டார்ட் செய்வது. பங்குனி மதியம் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், பானட்டுக்குள் சூடு தேங்கி, காற்று வெப்ப சென்சார் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெட்டி அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். வண்டி இருமிக்கொண்டே நிற்கும். சென்சாரை மேனிஃபோல்டில் இருந்து தள்ளி ஏர் ஃபில்டர் பக்கம் வைப்பதும், அந்த வெப்பத்துக்கு ஒரு சூட்டு ஸ்டார்ட் திருத்தம் எழுதுவதும் தீர்வு. டர்போ வைத்த வண்டியில் இன்டர்கூலருக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். முறுக்கி டேப் சுற்றும் வேலையே கூடாது. கிரிம்ப் செய்து, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ரப்பர் சீல் உள்ள கப்ளரைப் பயன்படுத்துங்கள். பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில், கால்மிதிக்கு மேலே வையுங்கள். கடலோரத்து வண்டிகளில் நான் பார்க்கும் மர்மக் கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான். சென்சார் எர்த் எல்லாவற்றையும் பெட்டிக்கே கொண்டுவர வேண்டும், பெட்டியின் பவர் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் சுத்தம் செய்த ஒரே இடத்தில் போட வேண்டும். பாடியில் கிடைத்த போல்ட்டில் எல்லாம் மாட்டிவிடக் கூடாது.

செலவைப் பொறுத்தவரை, ரீமேப்புக்குப் பொதுவாக 20,000 முதல் 30,000 ரூபாய் வரை கேட்பார்கள். நல்ல ஸ்டாண்ட்அலோன் பெட்டி, சென்சார், வயரிங், டியூனிங் எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். ஸ்பீடுயினோவில் பெட்டிச் செலவு குறையும், வயரிங் செலவு குறையாது. வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் என்பதால், தினமும் வேலைக்குப் போக இருக்கும் ஒரே வண்டியில் இதைத் தொடங்காதீர்கள்.

காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் மாற்றுவதாக இருந்தால், டிஎன் 74 என்றால் நாகர்கோவிலிலும் டிஎன் 75 என்றால் மார்த்தாண்டத்திலும் முதலில் அனுமதி வாங்கிவிட்டு ஸ்பேனரை எடுங்கள். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பதால் புகைச் சோதனை விட்டுவிடாது. களியக்காவிளை தாண்டி அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும், மாற்றம் செய்த வண்டி என்றால் கேரளத்தில் நிறுத்தி விசாரிப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் கிளைம் நின்றுபோகும்.

வண்டியை விற்கும்போது, ரீமேப் என்றால் ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு பென் டிரைவைக் கையில் கொடுங்கள். ஸ்டாண்ட்அலோன் வண்டி என்றால் டியூன் ஃபைல், வயரிங் வரைபடம், பெட்டியின் பாஸ்வேர்ட் மூன்றும் வண்டியோடு போக வேண்டும். டியூன் செய்தவர்கள் சிலர் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அந்த மாதிரிப் பூட்டிய பெட்டியோடு வண்டி வாங்கிவிட்டு என்னிடம் வந்தால், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு கிராங்க் சக்கரத்தின் பல்லில் இருந்து திரும்பத் தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குப் பழையபடி முழுக்கூலிதான் வாங்குவேன்.